ஆக்னஸின் கல்யாணத் தேதி

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

மைனஸ் பத்தொன்பது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மாண்ட்ரியல் வீட்டிலிருந்து லவாலுக்குப் போய்வந்தேன். அக்கா மகன் வருணின் மனைவி ஹீதருக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறுகிறது, அலையாதே, படுத்திரு என்று டாக்டர் சொல்லிவிட்டாள். வருண் ஆபீஸுக்குப் போய்விடுவான். அதனால் செவ்வாயும் வியாழனும் சித்தி டியூட்டி. ரசம், துவையல், குழைந்த சோறு. "இன்னும் கொஞ்சம் மிளகு போடலாமே" என்கிறாள் அந்த வெள்ளைக்காரப் பெண். அக்கா இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பாள்.

பிரியா அக்கா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. படுக்கையில் கிடந்தவளைப் பார்த்துக்கொள்ள வந்தேன். பிறகு தலைத் திவசத்துக்காக இருந்தேன். இப்போது பிரசவத்துக்காக இருக்கிறேன். விசாவை நீட்டிக்கொண்டே போகிறோம். பிரசவம் ஆனபிறகு எதற்காக இருப்பேன்? சரி, அதை இன்றைக்கு யோசிக்க வேண்டாம்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசல் படியெல்லாம் பனி உருக உப்பு. அக்கா கணவர், என் அத்தான் வேலை. இத்தனை வருஷம் காலேஜில் பாடம் நடத்திய மனிதர், "வழுக்கும், பாத்து வா பூர்ணா" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். உப்புத் தூவிவிட்டு உள்ளே போய்ப் பேப்பர் படிப்பார்.

பிப்ரவரி 6, வியாழன்

படுத்துக்கிடப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே. ஹீதர் தன் வம்சத்தைத் தோண்ட ஆரம்பித்திருக்கிறாள். "குழந்தைக்கு வருண் பக்கத்துல சொல்றதுக்குத் திருச்சி முழுக்க ஆள் இருக்கு. என் பக்கத்துல யார் இருக்கா?" என்றாள். பாவம், அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை. (அவள் பேசுவது இங்கிலீஷ். எனக்கு எழுத வருவது தமிழ்.)

லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்துக் காட்டினாள். வில்லியம் டன் என்று ஒருவர். ஸ்காட்லாந்திலிருந்து வந்து, இங்கே பாயின்ட் செயின்ட் சார்ல்ஸில் ரயில்வே பட்டறையில் பாய்லர் செய்தவர். 1871 கணக்கெடுப்பில் மனைவி எலன், இரண்டு குழந்தைகள். 1874இல் எலன் இறந்துபோகிறாள். 1881 கணக்கெடுப்பில் வில்லியம் பேருக்கு எதிரே 'மனைவியை இழந்தவர்'. ஆனால் வீட்டில் இரண்டு வயதில் ராபர்ட் என்று ஒரு பையன்! அவன்தான் ஹீதரின் கொள்ளுத்தாத்தா. அவனைப் பெற்றவள் யார்?

"ரெண்டாவது மனைவி ஒருத்தி வந்து, அவளும் செத்திருக்கணும்" என்பது ஹீதர் கணக்கு. ஆனால் அந்த இரண்டாவது மனைவியின் கல்யாணப் பதிவும் இல்லை, சாவுப் பதிவும் இல்லை. 1891இல் குடும்பமே கண்ணில் படவில்லை. ஆறு வாரமாகத் தேடுகிறாளாம்.

நான் அந்த 1881 பக்கத்தைப் பார்த்தேன். வில்லியம், பெரிய பெண் ஜெஸ்ஸி, ஒரு பையன், ராபர்ட். கடைசி வரியில் ஆக்னஸ் மொஃபட், இருபத்தொன்பது வயது, கல்யாணமாகாதவள். "இது யாரு?" என்றேன். வேலைக்காரியாக இருக்கும் என்றாள். வேலைக்காரி என்றால் தொழில் கட்டத்தில் அப்படித்தானே எழுதியிருப்பான்? காலியாக விட்டிருக்கிறான். உறவுமுறை எழுதக் கட்டமே இல்லை அந்தக் காலக் கணக்கெடுப்பில்.

எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இது எலனோட தங்கச்சி. ராபர்ட்டைப் பெத்தவ இவதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொண்டாட்டி செத்து, கையில ரெண்டு குழந்தை. வேற யாரு வருவா?"

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். வருணின் அம்மாவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. அக்காவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவளைப் பெற்றவள், என் பெரியம்மா, டைபாய்டில் போய்விட்டாள். அவள் போன எட்டாம் மாதம், அவள் தங்கையான என் அம்மாவை அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். "சொந்த ரத்தம்தான் குழந்தையைப் பார்த்துக்கும்" என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. அதற்குமேல் கதையில் ஒன்றும் இல்லை.

ஹீதர் லேப்டாப்பை மூடிவைத்தாள். "உங்க அம்மா என்ன சொன்னாங்க?" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மொஃபட்! எலன் மொஃபட்! ஸ்காட்லாந்துப் பதிவு வந்துவிட்டது. பெய்ஸ்லி என்ற ஊரில் வில்லியமுக்கும் எலனுக்கும் நடந்த கல்யாணம். பெண்ணின் பிறந்தவீட்டுப் பேர், அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் இருக்கிறது. எலன் தன் எள்ளுப்பாட்டி இல்லையே என்று ஹீதர் அதை இத்தனை நாள் தேடவே இல்லை. அதே அப்பா அம்மாவுக்கு எட்டு வருஷம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி ஆக்னஸ்.

படுத்திருக்க வேண்டியவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "படுடி முதல்ல" என்று தமிழிலேயே திட்டினேன். புரிந்தது.

இனி கல்யாணப் பதிவு ஒன்றுதான் பாக்கி. "1874 கடைசியில, இல்லைன்னா 75ல பாரு. வருஷம் திரும்பறதுக்குள்ள முடிச்சிருப்பாங்க" என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

1874 இல்லை. 75 இல்லை. 76 இல்லை. எல்லாச் சபைகளிலும் பார்த்தாயிற்று. எங்கே போய்த் தாலி கட்டிக்கொண்டாய் ஆக்னஸ்?

மார்ச் 2, ஞாயிறு

வருணும் நானும் சாமான் வாங்கப் போனோம். கார் நிறுத்துமிடத்தில் நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பையன் நடுவழியில் நிற்கிறான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சித்தி. அம்மாவோட கோட்டு. பின்னால இருந்து பார்த்தா..." என்றவன் முடிக்கவில்லை.

இரண்டு குளிர்காலமாக அக்காவின் பச்சைக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். நல்ல கோட்டு, வீணாக வேண்டாமே என்றுதான். வேறெதுவும் நினைக்கவில்லை. அவள் கோட்டு, அவள் சமையலறை, அவள் வாங்கிப்போட்ட டம்ளர். ஐயோ, நான் யாராக இருக்கிறேன் இந்த வீட்டில்?

மார்ச் 4, செவ்வாய்

எனக்கென்று ஒரு கோட்டு வாங்கிக்கொண்டேன். சிவப்பு. அத்தான் பார்த்துவிட்டு, "தூரத்துல வர்றப்பவே தெரியும். பஸ் டிரைவருக்கு நல்லது" என்றார். இதுதான் அவர் பாராட்டு.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு அடி இன்றைக்கு.

முதலாவது, மாடியில் இருக்கும் சிவமலர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, நல்ல மனுஷி, என் அக்கா படுத்திருந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவள். படியில் மறித்துக்கொண்டு, "தங்கச்சி, எப்ப ஊருக்குப் போறியள்?" என்றாள். பிரசவம் முடியட்டும் என்றேன். "ஓம், ஓம். பிழையா நினைக்காதேங்கோ. கோயிலிலை சனம் கதைக்குது, அதுதான் கேட்டனான்."

ஐம்பத்தெட்டு வயதில் சனம் கதைக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன்! என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் தனியாக இருந்தேன், பேங்க் வேலை பார்த்தேன், அப்போது ஒரு நாயும் என்னைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரண்டாவது, வருண். போனில் டிக்கெட் அனுப்பியிருந்தான். ஜூன் 14, மாண்ட்ரியலிலிருந்து திருச்சி, ஒரு வழி. "எங்களுக்காக ரொம்ப நாள் இருந்துட்டீங்க சித்தி. இனிமேலும் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கக் கூடாது" என்று எழுதியிருந்தான். அன்பாகத்தான் எழுதியிருந்தான். அன்பு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிடும்போது அத்தானிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். "ஜூன்ல மழை இருக்காது அங்க" என்றார். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அவ்வளவுதானா? வாயில் என்ன கொழுக்கட்டையா?

மார்ச் 20, வியாழன்

தப்பு என்மேல். ஒரு மாதமாக அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைத் தப்பான வருஷங்களில் அலையவிட்டிருக்கிறேன்.

கதவைத் திறந்ததும் ஹீதர், "சித்தி, அது சட்டப்படி முடியாது!" என்றாள். யாரோ எழுதியதைப் படித்திருக்கிறாள். அந்தக் காலத்தில் இங்கே மனைவி இறந்தால் அவள் தங்கையைக் கட்ட முடியாது. கூடப்பிறந்தவளைக் கட்டுகிற மாதிரி பாவம். செல்லாத கல்யாணம். கனடாவில் 1882இல்தான் சட்டத்தை மாற்றினார்கள்.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊரில் பிடித்துத் தள்ளிக் கட்டிவைத்ததை இவர்கள் ஊரில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்! எங்கள் வீட்டில் வழக்கம், அதனால் உலகத்துக்கே வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன் பாருங்கள்.

அப்படியானால் ராபர்ட் பிறந்தபோது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால்தான் கணக்கெடுக்க வந்தவனிடம் அவர் மனைவியை இழந்தவர், அவள் கல்யாணமாகாதவள். பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறாள். அக்கம்பக்கத்துச் சனம் எவ்வளவு கதைத்திருக்கும்!

"82க்கு அப்புறம் பாரு" என்றேன். அந்தப் பக்கத்துச் சபையின் பதிவு 82இலிருந்து இணையத்தில் இல்லையாம். ஆவணக் காப்பகத்துக்கு நேரில்தான் போக வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

பழைய மாண்ட்ரியலில் இருக்கும் காப்பகத்துக்குப் போனேன். தனியாக இல்லை. "அங்க பிரெஞ்சுல கேப்பாங்க" என்று அத்தானும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கிருந்த பெண் தெளிவான இங்கிலீஷில் பேசினாள். அவர் திரும்பிப் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை.

மைக்ரோபிலிம் கருவிக்கு முன்னால் ஒட்டினாற்போல இரண்டு நாற்காலி. அவர் சுருளைச் சுற்ற, நான் பேர்களைப் படித்தேன். பழைய கையெழுத்து, கண் பூத்துப்போனது. 1882 செப்டம்பர், அக்டோபர். நவம்பரில் அத்தான் கை நின்றது. "பூர்ணா" என்றார்.

வில்லியம் டன், மனைவியை இழந்தவர். ஆக்னஸ் மொஃபட், கன்னிப்பெண். சட்டம் வந்த அதே வருஷம்! கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று யாரோ பெரியவருடையது. இன்னொன்று உருண்டை உருண்டையான பள்ளிக்கூட எழுத்தில் ஜெஸ்ஸி டன். எலன் பெற்ற பெண். பதினாலு வயது. அம்மா இருந்த இடத்துக்குச் சித்தி வருவதற்கு அவளே சாட்சி போட்டிருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எட்டு வருஷம் காத்திருந்திருக்காங்க" என்றார்.

"காத்திருக்கலை அத்தான். வாழ்ந்திருக்காங்க. சட்டம்தான் லேட்டா வந்தது."

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "பிரின்ட் எடுத்துடலாம்" என்றார்.

எழுதித்தான் விடுகிறேனே, யார் படிக்கப்போகிறார்கள். எனக்கு அத்தானைப் பிடித்திருக்கிறது. இந்த வீட்டில் இருக்கப் பிடித்திருக்கிறது. ஆனால் அக்கா எழுந்துபோன நாற்காலியில் உட்காரவைக்க நான் ஆளில்லை. அம்மாவை அப்படித்தான் உட்காரவைத்தார்கள். என்னை ஒருத்தர் கேட்க வேண்டும். பூர்ணா, உனக்கு விருப்பமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஜூன் 14 அன்று ஏறிப் போய்விடுவேன். நானாக வாய் திறக்க மாட்டேன். திமிர் என்றால் திமிர்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். இரண்டு பேரையும் வரச்சொல்லியிருந்தேன். ஹீதர் வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியேறியதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிரின்ட்டைத் தன் மடியில் வைத்து வருணுக்குக் கதை முழுவதையும் சொன்னாள். அவன் முன்பே கேட்டிருப்பான், ஆனாலும் கேட்டான். ஜெஸ்ஸியின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். அத்தான் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்திரம் கழுவும்போது வருண் வந்து துடைத்துவைத்தான்.

"சித்தி, அப்பா உங்களை ஏதாவது கேட்டாரா?"

"என்ன கேக்கணும்?"

"தெரியும் உங்களுக்கு."

"கேக்கலைடா."

கொஞ்சநேரம் ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அந்தப் பொண்ணுக்குப் பதினாலு வயசு. எனக்கு முப்பத்தாறு" என்றான். "கோட்டைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ அம்மாவைத் தேடினே. அதுல என்னடா தப்பு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். ஈரக் கையாலேயே அவன் தலையைத் தடவினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அக்கா இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அதுதான் விஷயம்.

ஏப்ரல் 24, வியாழன்

பெண் குழந்தை! தாயும் பிள்ளையும் நலம். மூக்கு டன் வீட்டு மூக்கு, கோபம் எங்கள் வீட்டுக் கோபம்.

மே 6, செவ்வாய்

பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், துணி. உட்கார நேரமில்லை. நல்லதுதான்.

பிள்ளை வளர்க்க ஒரு கை வேண்டும், அதற்காகவாவது நான் இருக்கட்டும் என்று அத்தான் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்குச் சொன்ன அதே காரணம். சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவேன்.

மே 11, ஞாயிறு

சிவமலர் அக்கா குழந்தையைப் பார்க்க எங்களோடு லவாலுக்கு வந்தாள். திரும்பி வரும்போது மெட்ரோவில் என் காதோடு, "அவர் உங்களைப் பார்க்கிற பார்வை தெரியுதே உங்களுக்கு?" என்றாள்.

"சனம் கதைக்குமே அக்கா."

"சனம் ரெண்டு கிழமை கதைக்கும். பேந்து வேறை கதை வரும்." கிழமை என்றால் அவர்களுக்கு வாரம், பேந்து என்றால் பிறகு.

மே 18, ஞாயிறு

கேட்டுவிட்டார்.

அப்படியே எழுதிவைக்கிறேன். காலையில் நான் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். இன்னும் நான்கு வாரம் இருக்கிறது, ஆனாலும் தட்டினேன். அவர் கண்ணில் படட்டும் என்றுதான். கதவருகில் வந்து நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு இங்க இருக்க விருப்பமா, பூர்ணா?"

தூசி தட்டின துணியை மடித்து வைத்தேன்.

"குழந்தைக்காகக் கேக்கலை. வருணுக்காகவும் இல்லை. பிரியா இருந்த இடத்துக்கு யாரையும் நான் தேடலை, அந்த இடம் அவளுக்குத்தான்." மூச்சு வாங்கினார். "நீ லவாலுக்குப் போற நாள்ல இந்த வீட்டுல எனக்கு இருப்புக்கொள்ளலை. எனக்காகக் கேக்கறேன். நீ என்னைக் கல்யாணம் பண்ணிப்பியா?"

அறுபத்தெட்டு வயது மனிதர் பரீட்சை எழுதுகிற பையனைப் போல வியர்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

சரி என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"யோசிச்சு சொல்றேன்."

"தாராளமா யோசி" என்றார். எழுந்து போய்த் தானே காபி போட்டுக் கொண்டுவந்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. முழுக்கக் குடித்தேன்.

மே 20, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தம்பி போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போகும்வரை காத்திருந்து சொன்னேன். எழுபத்தொன்பது வயது, காது மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை உன்னைக் கேட்டாரா?"

"கேட்டாரும்மா."

"என்னன்னு கேட்டாரு? அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன்.

"அம்மா, உன்னை அன்னிக்கு யாராவது..."

"யாருடி கேக்கறது? அழுதுட்டு இருந்தேன், அக்கா போய் எட்டு மாசம்தானே. போய் முகத்தைக் கழுவிட்டு வா, பூ வைக்கணும்னாங்க. கழுவிட்டு வந்தேன்." பிறகு, "உங்கப்பா நல்லவர்தான். அது வேற" என்றாள்.

"உம்."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

அம்மா சிரித்தாள். இப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு அது சிரிப்பா என்று தெரியவில்லை.

"நல்லா யோசி" என்றாள். "அவசரப்படாதே. எனக்கும் சேத்து யோசி."

மே 25, ஞாயிறு

ஒரு வாரம் நன்றாக யோசித்தேன். ருசித்து ருசித்து யோசித்தேன். காலையில் தோசை வார்க்கும்போது சொல்லிவிட்டேன். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

வருணிடம் யார் சொல்வது என்று எங்களுக்குள் வாக்குவாதம். கடைசியில் இரண்டு பேருமாகவே மெட்ரோ ஏறி லவாலுக்குப் போனோம். கதவைத் திறந்த ஹீதர் எங்கள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குழந்தையை அத்தான் கையில் கொடுத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

வருண் சோபாவில் கவிழ்ந்து படுத்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண் சிவந்துவிட்டது அவனுக்கு. எழுந்து வரவில்லை. போனைத் திரும்ப எடுத்து எதையோ தேடினான்.

"சித்தி, ஜூன் பதினாலு டிக்கெட். திருச்சி ஆயாவைப் போய் நேர்ல பார்த்துச் சொல்லணும்ல? ஒண்ணை ரெண்டாக்கறேன்" என்றான். பிறகு, "ரிட்டர்னும் சேத்துப் போட்டுடட்டுமா?" என்று கேட்டான்.

"போடுடா" என்றேன்.